அளவு நாடா

தையல்கடை வீரபுத்திரன்
கழுத்தில் கிடந்த நாடாவை உருவி
என் செய்தியை அளந்தார்,
இடுப்பளவு எடுப்பதுபோல் குனிந்து.

"அப்பளசாமிக்குப் பதினொன்றரை அங்குலம்,
படத்தோடு பதினெட்டு.
பேச்சாயிக்கு ரெண்டே கால்.
அதுவும் நினைவஞ்சலிக்குக் கீழே.
ரெண்டே காலில்
காஜாப்பட்டி கூட வராது நிருபரே."

பக்கத்து மாமாக் கடையில்
தே தாரேக்கைப் பாதியில் நிறுத்திவிட்டு
பத்துப் பேர் திரும்பினார்கள்.

நான் முழுநேர நிருபன் அல்ல.
செம்பனைத் தோட்டத் தராசடியில் எடை எழுதுகிறவன்.
செய்திக்குப் பன்னிரண்டு ரிங்கிட்,
படம் வந்தால் கூட ஐந்து,
மாதக் கடைசியில், வந்தால்.
சுங்கை தெராத்தாயில்
கூட்டுறவுச் சங்கத் தலைவர் தேர்தல் என்றால்
யார் வீட்டுக் கடன் பாஸாகும்,
யார் மகள் காலேஜுக்குப் பணம் கட்டுவாள்,
பழைய லயம் இருந்த எட்டு ஏக்கர் யார் கைக்குப் போகும்
எல்லாம் அதில் இருக்கிறது.

"தலைநகரில் வெட்டிவிடுகிறார்கள்" என்றேன்.
"நான் ரெண்டு பேருக்கும் ஒரே நீளம்தான் அனுப்பினேன்."

பொய்யில்லை. வெட்டுகிறார்கள்.
அப்பளசாமியின் மைத்துனர்
தீபாவளிக்கு முழுப்பக்க வாழ்த்து கொடுக்கிறவர்.
இதைச் சொன்னால் எல்லாரும் தலையாட்டுவார்கள் என்று தெரியும்.
ஆட்டினார்கள்.
மோட்டாரை எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

இரவு
கைப்பேசியைத் திறந்து
வெட்டுப்படாத என் செய்திகளைப் படித்தேன்.

அப்பளசாமி உறுதியளித்தார்.
பேச்சாயி கூறிக்கொண்டார்.
அப்பளசாமி விளக்கினார்.
பேச்சாயி சாடினார்.
அவர் சமூகச் சேவையாளர்.
இவர் இல்லத்தரசி.

இருபத்தாறு வருஷம் உதிரிப் பழம் பொறுக்கிய
இல்லத்தரசி.
அவர் சாக்கின் எடையைத் தினமும் எழுதியது
இதே கை.

அவர் கூட்டத்தில் திரளானோர்,
இவர் கூட்டத்தில் சிலர்.
திரளை எண்ணியபோது நான்
முன்வரிசை நாற்காலியில் இருந்தேன்.
மடியில் பிரியாணிப் பொட்டலம் சுட்டது.
முதுகுக்குப் பின்னால் எத்தனை நாற்காலி காலி என்று
திரும்பிப் பார்க்கவில்லை.
சிலரை எண்ணியபோது
மழை.
பழைய பால் கொட்டகை.
எஞ்சினை அணைக்காமல் ரோட்டோரம் நின்று
ஹெல்மெட் கண்ணாடி வழியாக எண்ணினேன்.
உள்ளே இருட்டில் நின்றவர்கள்
இருட்டாகத்தான் தெரிந்தார்கள்.

பேச்சாயி அன்று சொன்னது இவ்வளவுதான்:
"கணக்குப் புத்தகத்தை மேசைமேல் வைங்க.
எனக்குப் படிக்கத் தெரியாது,
என் மகன் படிச்சுச் சொல்லுவான்."

இதற்கு எந்த வினைச்சொல் போடுவது
என்று யோசித்தேன்.
தூங்கிவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை
ஒன்பது ஓட்டில் பேச்சாயி ஜெயித்தார்.

மண்டபத்தில் எனக்கு நாற்காலி போட்டார்கள்.
முன்வரிசை.
சூடாக மசால் வடை.
திரளானோர் என்று எழுதினேன்.
உறுதியளித்தார் என்று எழுதினேன்.
தலைநகரில் ஒரு கமாவைக்கூட வெட்டவில்லை.
அந்த மைத்துனரே
கால்பக்கத்தில் பாராட்டு விளம்பரம் கொடுத்திருந்தார்.

வீரபுத்திரன் அளந்தார்.
"பதின்மூணே முக்கால்!
இப்பத்தான் நிருபரே
பத்திரிகை நடுநிலைக்கு வந்திருக்கு.
பசியாறிட்டீங்களா? உட்காருங்க."

உட்கார்ந்தேன்.
ரொட்டி சானாய் வந்தது, பருப்புக் குழம்போடு.
பிய்த்து வாயில் வைக்கும்போது
அப்பளசாமியின் தம்பி மகன்
கக்கத்தில் மடித்த பேப்பரோடு
கடைவாசலில் செருப்பைக் கழற்றினான்.

"அண்ணே," என்றான், என்னைப் பார்க்காமல்,
"அந்த நாடாவைக் கொஞ்சம் குடுங்க."